பேரன் பிறந்த இரவும் ஒரு கணக்கு நோட்டும்

என் அம்மா வீட்டிலேயே ஆறு பிள்ளை பெற்றாள். நான்கு பேர் தங்கினோம். ஐந்தாவது பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழாமல், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவளை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கல்லிடைக்குறிச்சி வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயது. அதனால் “அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள்” என்று யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு வயிற்றைப் பிசையும். பெற்றார்கள்தான். செத்தும் போனார்கள். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட என்னிடம்தான் 2024 ஜனவரியில் என் மகள் மீனா வந்து, இரண்டாவது குழந்தையை வீட்டில் பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். வீடு என்றால் மும்பை செம்பூர் சேடா நகரில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீடு. முருகன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்.

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2019-இல் மூத்தவள் பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையையும் உள்ளே விடவில்லை. பதினோரு மணி நேரம் மல்லாக்கப் படுக்கவைத்து, கடைசியில் ஒருவர் வயிற்றின் மேல் கையை ஊன்றி அழுத்தி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கத்தரித்துத் தையல் போட்டார்கள். தாயும் சேயும் நலம் என்று நான் ஊருக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவளால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018-இல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று கேட்டிருக்க மாட்டோம்.

“அம்மா, எனக்கு ஆஸ்பத்திரி மேல் கோபம் இல்லை. எனக்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்” என்றாள். அந்தச் சொல்லில்தான் நான் இறங்கிவந்தேன்.

சம்பந்தி மாட்டுங்காவில் இருக்கிறார். செய்தியைக் கேட்டதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். 2018-இல் திருப்பூரில், பயிற்சி பெற்றவர் யாருமில்லாமல் இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ரத்தப்போக்கில் ஓர் இளம் தாய் இறந்துபோனாள். அந்தச் செய்தியை அவர் மறக்கவில்லை. “படித்தவர்கள்தானே அவர்களும்?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க சரி. மீனா எதிர்த்துப் பேசாமல், “அப்பா, அங்கே இல்லாதது எல்லாம் இங்கே இருக்கும் என்று உங்களுக்குக் காட்டுகிறேன். காட்ட முடியாவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கே போகிறேன்” என்றாள். அடுத்த ஐந்து மாதம் நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்குக்காகத்தான்.

எண்களைத் தேடியவர் மாப்பிள்ளை. இங்கிலாந்தில் 2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றை அவர் எடுத்துக்காட்டினார். சிக்கல் எதுவும் எதிர்பார்க்கப்படாத பெண்களில், ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றவர்கள் வீட்டில் பெற்றபோது குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை. ஆனால் முதல் பிரசவத்தில் அப்படியில்லை. பெரிய மருத்துவமனையில் ஆயிரத்துக்கு ஐந்தாக இருந்த கடும் பாதிப்பு, வீட்டில் ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்தது. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரை இடையிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவந்தது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அது 12. ஆகவே முதல் குழந்தையை வீட்டில் பெறலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அந்த ஆய்வில் எண்ணைவிட முக்கியமான ஒன்று இருந்தது. அங்கே மருத்துவச்சி அரசு மருத்துவ சேவையின் ஆள். அவர் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், மருத்துவமனைக் கதவு கேள்வி கேட்காமல் திறக்கும். நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. ஆனால் அது அரசு மருத்துவமனைகளை மனத்தில் வைத்தது. வீட்டில் பெற நினைக்கிற குடும்பம், அங்கே ஓர் அரசாங்கம் செய்து வைத்திருப்பதைத் தன் கையால் செய்துகொள்ள வேண்டும். முடியாதென்றால் அந்த நினைப்பையே விட்டுவிட வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆள். பாலக்காட்டுக்காரப் பெண்மணி ஒருவர் கிடைத்தார். இருபது வருடம் பிரசவ அறையில் வேலை பார்த்த செவிலியர், பிறகு மருத்துவச்சிப் பயிற்சியும் முடித்தவர். மீனா அவரைச் சேச்சி என்பாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சம்பந்தி அவருடைய நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சேச்சி முகம் சுளிக்காமல் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். கேட்டால் கோபித்துக்கொள்பவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது புரிந்தது. டூலா என்றொருவரும் இருக்கிறார். அவர் தைரியம் சொல்லவும் முதுகு பிடித்துவிடவும் வருபவர், நல்ல துணை. ஆனால் ரத்தம் போனால் ஊசி போட அவரால் முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சேச்சி உடனே சம்மதிக்கவில்லை. முதல் பிரசவம் சுகப்பிரசவமா, ரத்த அழுத்தம் எப்படி, சர்க்கரை உண்டா, நஞ்சு கீழே இறங்கியிருக்கிறதா, ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். “37 வாரம் முடியும் முன்னால் வலி வந்தால் ஆஸ்பத்திரி. குழந்தையின் தலை கீழே இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. அழுத்தம் ஏறினால் ஆஸ்பத்திரி. அன்றைக்கு வந்து கெஞ்சக் கூடாது” என்றார். முன்பு சிசேரியன் ஆனவர்களையும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களையும் அவர் வீட்டுப் பிரசவத்துக்கு ஏற்பதே இல்லை. ஐந்தாம் மாதத்தில் மீனாவுக்கு ஹீமோகுளோபின் 10.2. இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, கருப்பட்டி எள்ளுருண்டை என்று ஏற்றிக் கடைசியில் 11.6-க்குக் கொண்டுவந்தோம். அந்தச் சீட்டை நான் பூஜை அலமாரியில் வைத்திருந்தேன்.

அடுத்தது மருத்துவர். சேச்சி தனியாக வரமாட்டேன் என்றார். மீனா மகப்பேறு மருத்துவரிடமும் மாதாமாதம் போக வேண்டும், அவசரமானால் அந்த மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று இடங்களில் கேட்டோம். இரண்டு இடங்களில் பேச்சை முடிக்கவே விடவில்லை. மூன்றாவது இடத்து அம்மையார், “எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் நீ வந்தால் கதவைச் சாத்த மாட்டேன்” என்றார். அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். பேர் பதிந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேயே செய்து கோப்பு தயாராக இருந்தது. நள்ளிரவில் போனால் புதிதாக எழுத ஒன்றுமில்லை. தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு 47 சிசேரியன் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் மருத்துவர்கள் மேல் சந்தேகப்படுவது எளிது. ஆனால் அவர்களை விட்டு விலகிக்கொண்டு வீட்டில் பெற நினைப்பவர்கள் கிணற்று மேட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள்.

பிறகு வழி. இதில்தான் மும்பைக்காரியாக நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். நாள் குறித்திருந்தது ஜூலை 22. மழைக்காலத்தின் நடு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது, வங்கியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து மறுநாள் காலை வீடு வந்தவள் நான். கொஞ்சம் வலுத்துப் பெய்தாலே சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் தேங்கிவிடும். எவ்வளவு பேர்பெற்ற மருத்துவமனையாக இருந்தாலும் சயானுக்கு அந்தப் பக்கம் வேண்டாம், தண்டவாளத்தைத் தாண்டவும் வேண்டாம் என்றேன். கடைசியில் ஒன்றரை கிலோமீட்டரில் அமைந்தது. கடலில் ஓதம் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்கூட்டியே வெளியிடும். ஓதமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் சாலைத் தண்ணீர் வடியாது. அந்த அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, குறித்த நாளை ஒட்டிய பௌர்ணமி நாட்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அந்த நேரங்களில் வலி கண்டு கூடவே பெருமழையும் பெய்தால், காத்திருக்காமல் முதலிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுவது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

வண்டியில் போய்ப் பார்த்தோம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஏழு நிமிடம், மாலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு. எங்கள் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. சாய்மானமுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, நானும் என் கணவரும் லிஃப்டுக்குள் தூக்கிப் பார்த்தோம், நுழைந்தது. லிஃப்ட் நின்றுபோனால் என்று படிக்கட்டிலும் ஒரு முறை. சொசைட்டி செயலாளரிடமும் காவலாளியிடமும் சொல்லி, எங்கள் வண்டி மட்டும் இரவில் வாசலைப் பார்த்து நிற்க அனுமதி வாங்கினோம். வண்டி ஓட்டுவது என் கணவர் பொறுப்பு. இதைக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும். குழந்தையின் அப்பா ஓட்டுநராக இருக்கக் கூடாது. அவர் மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டியவர். 108-ஐ நம்பலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

அவரவர்க்கு ஒரு வேலை என்று சேச்சி பிரித்துக் கொடுத்தார். சும்மா நிற்கிற ஆள்தான் பயத்தைப் பரப்புவார் என்பார். மாப்பிள்ளைக்கு மீனாவின் முதுகு. சம்பந்தி அம்மாவுக்கு மூத்தவளும் அடுப்படியும். சம்பந்திக்கு அவருடைய வீட்டிலேயே போன் பக்கத்தில் இருப்பது, கூடவே யார் கூப்பிட்டாலும் இன்னும் ஒன்றுமில்லை என்று சொல்வது. எனக்கு நோட்டு.

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கணக்கு எழுதிய கை இது. பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு எழுதும் நீள நோட்டில் புதிய பக்கம் திருப்பி, நேரம், தாயின் நாடி, குழந்தையின் இதயத்துடிப்பு, வலிக்கு வலி இடைவெளி, குடித்தது, சிறுநீர் போனது என்று ஆறு பத்தி கோடு போட்டு வைத்தேன். “110-க்கும் 160-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. வெளியே போனால் என்னைப் பார்க்க வேண்டாம், எண்ணை மட்டும் சத்தமாகப் படியுங்கள்” என்றார் சேச்சி.

ஜூலை 18, இரவு ஒன்பது மணிக்கு மீனா ரசம் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓத நாள் இல்லை என்று அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முதல் இரண்டு மணி நேரம் ஹாலில் நடந்தாள், மகளைத் தூங்கவைத்தாள், நடுவில் கொஞ்சம் சிரித்தாள். பதினொன்றேகாலுக்குச் சேச்சியும் உதவிக்கு இன்னொரு செவிலியரும் வந்தார்கள். இரண்டு பேர் வேண்டும். பிறந்த நொடியில் ஒரே நேரத்தில் கவனிக்க இரண்டு உயிர் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் முகமூடிப் பை, குளுக்கோஸ் பாட்டில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிய பிறகு, சிறிய ஐஸ் பெட்டியிலிருந்து, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் குப்பிகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அது குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து, 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில், தயிர்க் கிண்ணத்துக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே வைத்தேன். என் அம்மாவுக்கு இந்தச் சின்னக் குப்பி கிடைத்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. கதவைச் சாத்தினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. இனித்தான் வலி முறையாகப் பிடிக்கும் என்றார். கால் மணிக்கு ஒரு முறை கையடக்கக் கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டார்கள். குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தத்துக்குக் கீழே மழைச் சத்தம். 138. 142. 140. 146. வரிசையாக எழுதினேன். பயத்துக்கு அதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. அழத் தோன்றும்போதெல்லாம் அடுத்த வரி எழுத வேண்டியிருந்தது.

வலி நேரத்தில் வீட்டுப் பெண்கள் செய்ய வேண்டியதும் கூடாததும் நிறைய இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்ல வேண்டும், பை நிரம்பியிருந்தால் தலை இறங்க இடமிருக்காது. கஞ்சித் தண்ணீர், இளநீர், பேரீச்சம்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வலியைச் சீக்கிரம் வரவைக்க விளக்கெண்ணெய் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், சேச்சி அதைத் தொடவே விடவில்லை. இடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் வலி கொஞ்சம் தணிகிறது. லேசாகத் தடவினால் போதாது, சுவரைத் தள்ளுவது போல அழுத்த வேண்டும். மாப்பிள்ளை தன் மணிக்கட்டு வீங்கும் அளவுக்கு அழுத்தினார். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று யாரும் கேட்கக் கூடாது. அவள் காதில் அது, நீ தாமதம் செய்கிறாய் என்று விழும். அதை நானே ஒருமுறை கேட்டுவிட்டேன். மீனா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் உடைந்தது. சேச்சி துணியை விளக்கடியில் பிடித்து நிறம் பார்த்தார். தெளிவாக இருந்தது. பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

மூன்றரைக்குப் பிறகு அவள் கட்டில் ஓரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டாள். “தள்ளு, தள்ளு” என்று ஒருவரும் கத்தவில்லை. உடம்பு சொன்னபோது முக்கினாள், சொல்லாதபோது அப்படியே சாய்ந்து கிடந்தாள். இப்போது துடிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார்கள். 144. 136. 130.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, 104.

எண்ணைப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி படித்தேன். சேச்சி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “மீனா, இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்” என்றார். அதே மூச்சில் என்னிடம், “சாரை வண்டிக்குப் போகச் சொல்லுங்கள்” என்றார். இறங்கட்டும் ஏறட்டும் பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. என் கணவர் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார். வாசலில் வண்டி உறுமுவது மூன்றாவது மாடிவரை கேட்டது. செவிலியர் கருவியை எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். 112. 128. 136. நோட்டின் அந்தப் பக்கத்தில் 104 மட்டும் மற்ற எண்களைவிடப் பெரிதாக, தாளைக் கிழிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது.

நான்கு ஆறுக்குப் பேரன் பிறந்தான்.

ஏசியும் மின்விசிறியும் அரைமணிக்கு முன்பே நிறுத்தியிருந்தோம். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக என் மடியில் இருந்தன. நீலம் பாய்ந்து வந்தவனை முதல் துண்டால் துடைத்து முதுகைத் தேய்த்தார்கள். அது நனைந்ததும் இரண்டாவது. ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வராவிட்டால் பையால் காற்று கொடுக்க வேண்டும், செவிலியர் அதைக் கையில் எடுத்தேவிட்டார். அதற்குள் கத்தினான். அப்படியே மீனாவின் மார்பில் போட்டு இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினார்கள். தொப்புள்கொடியை வெட்டவில்லை. சேச்சி என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். முறுக்கிய ஈரக் கயிறு போல, கெட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே நாடி துள்ளியது. என் மகளிடமிருந்து என் பேரனுக்குப் போகிற கடைசி ரத்தம். துள்ளல் மெலிந்து மெலிந்து நின்றது. கொடி வெளுத்துத் துவண்டது. பிறகுதான் மாப்பிள்ளை வெட்டினார்.

எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சேச்சி மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மீனாவின் மேல் இருந்தது. குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி அவள் தொடையில் ஏறியிருந்தது. கீழே வண்டியில் இருந்த கணவருக்குப் போன் செய்து பேரன் என்றேன். மேலே வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வண்டி அப்படியே நிற்கட்டும் என்றார் சேச்சி. குழந்தை பிறந்தால் பிரசவம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். தாய்க்குக் கண்டம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. திருப்பூரில் போனதும், என் அம்மா வண்டியில் போனதும் அந்த நேரத்தில்தான்.

நான்கு இருபத்தொன்றுக்கு நஞ்சு விழுந்தது. எவர்சில்வர் தட்டில் பரப்பி, விளக்கைப் பிடிக்கச் சொல்லி, ஓரம் ஓரமாகப் பொருத்திப் பார்த்தார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காமல் போகலாம். முழுதாக இருந்தது. பிறகு என் சமையலறைத் தராசைக் கேட்டார். காய்ந்த விரிப்புகளின் எடையை நோட்டில் முன்பே எழுதி வைத்திருந்தேன். நனைந்ததை நிறுத்து, காய்ந்ததைக் கழித்தேன். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். 280. ஐந்நூறைத் தொட்டிருந்தால் கிளம்பியிருப்போம். கண்ணால் பார்த்து, கொஞ்சம்தான் போயிருக்கிறது என்று சொல்வதை ஒருபோதும் நம்பக் கூடாது, நிறுக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தச் சொன்னார். உரித்த தேங்காய் போலக் கெட்டியாக இருந்தது. கர்ப்பப்பை அப்படிச் சுருங்கியிருந்தால் ரத்தம் அடங்கும், கொழகொழவென்று இருந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். அடுத்த இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதினோம். ஐந்தரைக்குத்தான் என் கணவர் மேலே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. குழந்தையைத் தொடும் முன்னால் மீனாவின் தலையைத் தொட்டார்.

சம்பந்தி அம்மாவுக்குச் சேனை வைக்க ஆசை. சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் கரைத்துத் தயாராக வைத்திருந்தார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை அது மட்டும்தான் என்று சேச்சி மென்மையாகச் சொன்னார். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. சம்பந்தி அம்மாவின் முகம் வாடியது. யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம் நம்பிக்கை. மீனாதான், “அத்தை, நீங்கள் மடியில் வைத்து முதல் பேச்சுப் பேசுங்கள்” என்றாள். அவர் அவன் காதருகில் குனிந்து பேசியது என்ன என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

விடிந்ததும் குழந்தை மருத்துவர். வைட்டமின் கே ஊசியைச் சேச்சியே போட்டிருந்தார். 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், பி.சி.ஜி.யும், போலியோ சொட்டும் அன்றே ஆயிற்று. ஃப்ரிட்ஜில் ஓத அட்டவணையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேச்சி எழுதிக் கொடுத்த தாளை ஒட்டினோம்: ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தலை பிளக்கிற வலியோ கண் மங்கலோ வந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், முதல் நாளிலேயே மஞ்சள் பூத்தால், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனை. பத்தியச் சாப்பாடு, பூண்டு, பிரசவ லேகியம் எல்லாம் வழக்கப்படி நடந்தது. கொடியில் மட்டும் எதையும் தடவவில்லை. செலவு என்று பார்த்தால், முதல் பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனையில் கட்டியதைவிடக் குறையவில்லை. எங்கள் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தரவில்லை.

பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள், வீட்டில் பிறந்தால் வீட்டுப் பெரியவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்றாக ஏற்பது இந்த ஒரு காகிதத்தைத்தான். சேச்சியின் கடிதம், மருத்துவமனைக் கோப்பின் நகல், தடுப்பூசி அட்டை, ஆதார், வீட்டு முகவரிச் சான்று எல்லாவற்றையும் கவரில் போட்டுக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் பன்னிரண்டாம் நாள் மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போனோம்.

படிவத்தில், பிறந்த இடம் மருத்துவமனையா வீடா என்று ஒரு கேள்வி. மாப்பிள்ளை வீடு என்பதில் குறியிட்டார். சற்றுக் கீழே, பிரசவத்தின்போது கவனித்தது யார் என்று இன்னொரு கேள்வி. மருத்துவர், செவிலியர் அல்லது பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கடைசியில், உறவினர்கள் அல்லது மற்றவர்கள் என்று ஒரு வரி. அவர் எழுதி முடித்துக் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குறி எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். பிறகுதான் படிவத்தை ஜன்னலுக்குள் நீட்டினேன்.